சொல்லாத தழும்பு

மூக்கைத்தான் ஐயா எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள். பெற்ற தாய்க்கே பிள்ளையின் மூக்கு சரியாக நினைவிருக்காது. போரில் வீட்டோடு போட்டோக்களும் எரிந்துபோனவர்கள் என் கடைக்கு வந்து, செத்துப்போன பிள்ளையின் முகத்தை வாயால் சொல்வார்கள். நான் வரைவேன். கண்ணைச் சின்னதாக்குங்கள், காது இன்னும் ஒட்டினாற்போல் இருக்கும் என்று திருத்துவார்கள். திருத்திக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அழுதுவிடுவார்கள். அழுதால் படம் முடிந்தது என்று அர்த்தம்.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வரைந்தால் முகம் பொம்மையாகிவிடும். எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். குண்டு விழுந்த மறுநாள் கடை வாசலில் ஒரு பையன் நின்றான். பெயர் கேட்டேன், தெரியவில்லை. வீடு கேட்டேன், அதுவும் தெரியவில்லை. சாப்பாடு போட்டுப் பின்னறையில் உட்காரவைத்தேன்.

காலையில், அன்றைக்கு வரைய வேண்டியவனின் பெயர், சிரிப்பு, கோபம் எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். நாள் முழுக்க அந்தப் பெயரில்தான் கூப்பிடுவேன். அப்போதுதான் முகம் உயிர் பிடிக்கும். தங்கமான பையன். எழுந்ததும் அவனே கேட்பான்: "இன்னிக்கு நான் யாருண்ணே?"

ஒருநாள் திடீரென்று, "எனக்கு ஒரு அக்கா இருக்காண்ணே. தையல் மெஷின் சத்தம் கேக்குது" என்றான்.

"அது நேத்து வரைஞ்ச பையனோட அக்காடா" என்றேன்.

அவன் நம்பவில்லை. ஜன்னல் கண்ணாடியை உடைத்து வெளியேறப் பார்த்தான். புருவம் கிழிந்தது. நானேதான் தையல் போட்டேன். பிறகு ஜன்னலுக்குப் பலகை அடித்து, கதவை வெளியே பூட்டினேன். வெளியே அவ்வளவு ஆபத்து. பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த அக்காவே ஒருநாள் வந்தாள். தையல்காரி. தம்பி செத்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள். பாதி அடையாளம் சொல்லும்போதே, பின்னறையில் இருப்பவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் எத்தனை தாய்மார்கள் காத்திருந்தார்கள் தெரியுமா? இவள் ஒருத்திக்குத் தம்பியைக் கொடுத்துவிட்டால், மற்றவர்களுக்கு நான் எந்த முகத்தைக் கொடுப்பது? அவனை வைத்தே அவனை வரைந்தேன்.

மூக்கைக்கூட அவள் திருத்தவில்லை. படத்தின் புருவத்தில் மட்டும் விரலை வைத்தாள். "எல்லாம் சரிங்க. ஆனா என் தம்பிக்கு இங்க தழும்பு கெடையாதே?"

கண்ணில் பட்டதைக் கை வரைந்துவிட்டது. தொழில் புத்தி. ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவள் அழவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். படத்தோடு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள் சொல்லாத தழும்பு படத்தில் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். இதுதான் பதில். அவளுடைய தம்பி என்று தெரிந்தேதான் உள்ளே வைத்திருந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பூட்டை உடைத்ததும் அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "இன்னிக்கு நான் யாருண்ணே?" என்றான்.

அண்ணன் என்றுதான் கூப்பிட்டான் ஐயா. அடைத்துவைத்தவனை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா?