ஒன்பதாவது பெயர்

விழுகிறோம்.

ஹெலிகாப்டரின் சத்தம் மாறிவிட்டது. அதுவரை ஒரே சீரான இரைச்சல். இப்போது இடையில் ஒரு வெட்டு. டக். மறுபடியும் இரைச்சல். டக். டக். ஏழு வரை எண்ணினேன். எட்டாவது கேட்கவில்லை. இரைச்சலும் இல்லை. காற்று மட்டும்.

"ஆப்பி! ஆப்பி!" என்று முன்னாலிருந்து ஒருவர் அலறுகிறார். மலாயில் தீ என்று பொருள். நான் தீயைப் பார்க்கவில்லை. கதவு வழியே மழையைப் பார்க்கிறேன். மழைக்கு அப்பால் மரங்கள். மரங்கள் சாய்ந்திருக்கின்றன. இல்லை, நாங்கள்தான் சாய்ந்திருக்கிறோம்.

என் இடுப்பு வார் கழன்றிருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் குனிகிறான். இரண்டு கைகளாலும் என் வாரை இழுத்துப் பூட்டுகிறான். அவன் வார் தரையில் கிடக்கிறது.

"அப்பா, கெட்டியா புடிச்சுக்க!"

அதுதான் அவன் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது. 1973. செவ்வாய்க்கிழமை. காலை 9.26. என் கைக்கடிகாரம் அந்த நிமிடத்தில் நின்றது. இன்றும் என்னிடம் இருக்கிறது. இன்றும் 9.26.

அவன் என் மகன் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது, அவனுக்கு இருபத்து நான்கு. என் பெயர் மாரிமுத்து, என் தகப்பனார் பெயர் ராமசாமி. அவன் பெயர் ராமசாமி, அவன் தகப்பனார் பெயர் மாரிமுத்து. நான் கிள்ளான். அவன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். உறவு ஒன்றும் கிடையாது. படையில் ஒரே பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரே கூடாரம் கொடுத்தார்கள். எங்கள் சார்ஜன் இரண்டு பெயரையும் ஒரே நாளில் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் 'போலாக் பாலிக்' என்று பெயர் வைத்தார். முன்னும் பின்னும் என்று அர்த்தம்.

ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனான்.

"எங்கப்பா பேர வச்சிருக்கீங்க. அப்ப நீங்க எனக்கு அப்பாதானே?"

"நீ எங்கப்பா பேர வச்சிருக்கியே. அப்ப நீ எனக்கு யாருடா?"

"நானும் ஒங்களுக்கு அப்பாதான் லா. மரியாதையா பேசுங்க."

அன்று முதல் நான் அவனுக்கு அப்பா. அவன் எனக்கு அப்பா. பதினான்கு மாதம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். தமிழ் தெரியாதவர்களுக்கு அது ஒன்றும் புரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் தகவல் தொடர்புக்காரன். அன்று காலை வடக்கு எல்லைக் காட்டில் ஏறும் ஆட்களின் பட்டியலை எழுதியவனும் நான்தான். விமானக்குழு மூவர், படைவீரர் ஆறு பேர். மொத்தம் ஒன்பது. விதி என்னவென்றால், முதலில் படை எண், பிறகு பெயர். விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. தாள் பறக்கிறது. மழை. "செப்பாட்! செப்பாட்!" என்று குழுக்காரர் அவசரப்படுத்துகிறார். பெயர்களை மட்டும் எழுதினேன். எண்களை எழுதவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், எழுத வேண்டிய எண்ணை எழுதவில்லை. தாளை முகாமுக்குத் திரும்பும் ஆளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். 9.10.

16 நிமிடம் பறந்தோம்.

கீழே இருந்து சுட்டார்கள் என்று ஒரு பேச்சு. இயந்திரக் கோளாறு என்று இன்னொரு பேச்சு. எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கண் விழித்தபோது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். வார் என்னைப் பிடித்திருந்தது. அவன் பூட்டிய வார். தாடை உடைந்திருந்தது. வாய் நிறைய மண்ணும் ரத்தமும். எண்ணெய் வாடை. மழை. தீ இல்லை. புகை இல்லை. பக்கத்து இருக்கை காலி.

இடது பக்கம், கீழே, ஓடை சத்தம் வந்த திசையிலிருந்து ஒரு குரல்.

"அப்பா!"

ஆறு வரை எண்ணுகிற இடைவெளி.

"அப்பா!"

இன்னும் நீண்ட இடைவெளி.

"அப்பா!"

மூன்று முறை. நான்காவது பாதியில் நின்றது. அவன் தன் தகப்பனாரைக் கூப்பிடவில்லை. அவர் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் கூப்பிட்டது என்னை. நான் பதில் சொல்லவில்லை. தாடை அசையவில்லை. பிறகு எனக்கும் இருட்டிவிட்டது.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன்.

முகாம் எழுத்தர் என் தாளைப் பார்த்து ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்கிறார். ராமசாமி மாரிமுத்து. அதற்குக் கீழே மாரிமுத்து ராமசாமி. ஒரே ஆளை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறார். கீழே இருந்த என் பெயரைக் கோடிட்டு அடித்துவிடுகிறார். எண் இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர் நம்முடையது, ஒன்று அப்பாவுடையது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

ஒன்பது எட்டானது.

தேடப் போனவர்கள் கையில் எட்டுப் பெயர். உடல்கள் ஐந்து. உயிரோடு மூன்று: துணை விமானி, வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு கார்ப்ரல், நான். ஐந்தும் மூன்றும் எட்டு. கணக்குச் சரி. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தேடலை நிறுத்தினார்கள். ஓடைக்கு யாரும் இறங்கவில்லை.

அதே புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் விசாரணை முகப்பு. வானொலிச் செய்தி கேட்டு ஓடிவந்த ராமசாமியின் தாயார் அங்கே நிற்கிறார். அஞ்சலையக்கா.

பெயர் என்ன என்று கேட்கிறார்கள். ராமசாமி என்கிறார். தகப்பன் பெயர்? அக்கா வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. செத்த பிறகும் சொல்லவில்லை. முகப்பில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டுகிறார். ராமசாமி என்று ஒருவன் இருக்கிறான். மூன்றாவது வார்டு, பதினான்காவது கட்டில். உயிரோடு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்கிறார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

பதினான்காவது கட்டிலில் கிடந்தவன் நான்.

சனிக்கிழமை எனக்கு நினைவு திரும்பியது. ஞாயிறு மாலை நாலே கால் மணி. அக்கா டிப்பன் கேரியரோடு வருகிறார். கோழி ரசம். கட்டிலின் கால்மாட்டில் நின்று அட்டையைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். மறுபடியும் அட்டையை.

"மிஸ்ஸி, கட்டில் மாறிப் போச்சும்மா. இது எம்மவன் இல்ல."

தாதி அட்டையைத் தட்டிக் காட்டுகிறாள். "ராமசாமிதானே ஆன்டி? சரியாத்தான் இருக்கு."

"பெத்தவளுக்குத் தெரியாதா? எம்மவன் எங்க?"

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். தாளும் பென்சிலும் காட்டிக் கேட்டேன். ஒன்பது என்று எழுதினேன். அடிக்கோடு போட்டேன். ராமசாமி ஓடைப் பக்கம் என்று எழுதினேன். அந்தத் தாள் டாக்டரிடம் போனது. டாக்டரிடமிருந்து ஒரு அதிகாரியிடம். மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். என்ன திருத்தம் தெரியுமா? பட்டியலில் ராமசாமி மாரிமுத்து என்று இருந்ததை மாரிமுத்து ராமசாமி என்று மாற்றினார்கள். ஒரு நிமிட வேலை. எட்டு எட்டாகவே நின்றது. அவன் பட்டியலிலேயே இல்லாமல் போனான்.

என் கையெழுத்துத் தாள் எங்கே என்று கேட்டேன். மழையில் நைந்துபோனது என்றார்கள்.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு நீள மேசை. தாளை வாங்கிப் போனவர் ஆட்களை எண்ணவில்லை என்றார்; எங்களை ஏற்றிவிட்ட இடத்தில் வேறு சாட்சி இல்லை. சார்ஜன் செத்த ஐவரில் ஒருவர். துணை விமானி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கார்ப்ரலுக்கு எங்கள் இருவரையும் தெரியாது, தமிழும் தெரியாது. விழுந்த பிறகு ஒரு குரல் கேட்டது என்று மட்டும் அவர் சொன்னார். நேர்மையான மனிதர். என்ன கேட்டது?

"ஆப்பி. மூணு தடவ. ஆப்பின்னு கத்தினாங்க."

நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. எழுந்தேன். அது ஆப்பி இல்லை, அப்பா என்றேன். என்னைக் கூப்பிட்டான் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். அவன் உங்கள் மகனா என்று கேட்டார். இல்லை. பிறகு ஏன் அப்பா என்று கூப்பிட வேண்டும்? விளக்கினேன். போலாக் பாலிக், பெயர்கள், கூடாரம், எல்லாம். ஒருவர் சிரிப்பை அடக்கினார். பார்த்தேன். இருபத்தைந்து வருடமாகியும் அந்த வாயை நான் மறக்கவில்லை.

உங்கள் அறிக்கையிலேயே நான்காம் பக்கத்தில் தீப்பிடிக்கவில்லை என்று இருக்கிறது என்றேன். இல்லாத தீயை, விழுந்த பிறகு, எவன் மூன்று முறை கத்துவான்?

பயத்தில் எதையும் கத்துவார்கள் என்றார்கள்.

முடிவு வந்தது. அவன் ஏறியதற்கு ஆதாரம் இல்லை. அன்று காலை முதல் முகாமிலும் இல்லை. ஆகவே, லாரி. நம் ஊரில் சுமை வண்டியை லோரி என்கிறோம், அதனால் குழப்பம் வேண்டாம். மலாயில் லாரி என்றால் ஓடிப்போனவன்.

தன் வாரை விட்டுவிட்டு என் வாரைப் பூட்டியவன், ஓடிப்போனவன்.

அவனைப் பிடிக்க பிரிக்பீல்ட்ஸுக்கு ஆள் வந்தது. நான்கு முறை. இரண்டாம் முறை நானும் அங்கே இருந்தேன். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள். அக்கா நடுக்கூடத்தில் நின்றார்.

"அரிசி டின்னையும் தெறந்து பாருங்க லா. ஆறடி ஆளு அதுக்குள்ளதான் ஒக்காந்திருப்பான்."

அவர்கள் போன பிறகு சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். சீருடையில் ராமசாமி. மாலை இல்லை.

"மால போட்டா செத்தவன். போடாட்டி ஓடினவன். நான் என்னா செய்யட்டும் தம்பி, நீ சொல்லு."

கடிதம் எழுதினேன். நான் கேட்டது ஒரே ஒரு சொல். லாரியை எடுத்துவிட்டு ஹிலாங் என்று போடுங்கள். காணாமல் போனவன். அது போதும். 18 வருடம். 41 கடிதங்கள். படையை விட்டு வந்த பிறகு கிள்ளான் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. சனிக்கிழமை அரை நாள். மதியம் பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போய் அக்காவை அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். சனிக்கிழமை அவர்களுக்கும் அரை நாள் என்று பூட்டிய கதவில்தான் பாதி தடவை தெரிந்தது. பிறகு விடுப்பு எடுத்துப் போனேன். கோப்பு மேலே இருக்கிறது. கோப்பு கீழே போயிருக்கிறது. அதிகாரி மாறிவிட்டார். அடுத்த மாதம் வாருங்கள்.

ஒவ்வொரு முகப்பிலும் அக்கா கேட்பதற்கு முன்பே சொல்வார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"மாரிமுத்து மவன் ராமசாமி!"

புருஷன் பெயரை அவர் சொல்ல ஆரம்பித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். அன்றே கட்டிலைப் பார்த்தே தீருவேன் என்று நின்றிருந்தால், புதன் பகல் பன்னிரண்டிலிருந்து தேடலை நிறுத்திய மாலை ஆறு வரை எத்தனை மணி நேரம் இருந்தது என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரே எண்ணியிருந்தார். ஒருமுறை பஸ்ஸில், சன்னலைப் பார்த்தபடி, "ஆறு மணி நேரம் தம்பி" என்றார். குற்றம் அவருடையது அல்ல. எண் எழுதாதவன் நான். பெயரை அடித்தவர் ஒருவர். ஓடைக்கு இறங்காதவர்கள் பலர். ஆனால் ராத்தூக்கம் போனது அவருக்கு.

1991இல் பதில் வந்தது. ஒரே தாள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என் கையில் கொடுத்தார்.

ஹிலாங் என்று இருந்தது. அந்தச் சொல்தான். 18 வருடம் கேட்ட சொல். அதற்கு மேலே பெயர்: மாரிமுத்து. தகப்பன் பெயர்: ராமசாமி.

காணாமல் போனவனாக என்னை எழுதியிருந்தார்கள்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது ஆகிவிட்டது. நான் படித்தேன். சத்தமாகப் படித்தேன். "மாரிமுத்து மகன் ராமசாமி. காணாமல் போனார்."

"ஓடலன்னு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்கக்கா."

"இனி மால போடலாமா?"

"போடலாம்க்கா."

அன்று மாலை பூக்கடையிலிருந்து சம்பங்கி மாலை வாங்கி வந்தேன். அவரே நாற்காலி மேல் ஏறிப் போட்டார். என்னைத் தொட விடவில்லை. மறு வருடம் அவரும் போய்விட்டார். தாளில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. இனி மூடிவைக்க எனக்குக் காரணம் இல்லை. 42ஆவது கடிதம் போட்டேன். 46 வரை போட்டுவிட்டேன். பதில் இல்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். எண்ணிப் பாருங்கள்.

ஏறியவர்கள் ஒன்பது. கிடைத்த உடல்கள் ஐந்து. உயிரோடு வந்தவர்கள் மூன்று. குரல் ஒன்று. அது கூப்பிட்டது மூன்றரை முறை. நான் சொன்ன பதில், பூஜ்யம்.

மாரிமுத்து காணாமல் போகவில்லை. கிள்ளானில் இருக்கிறேன். அறுபத்து மூன்று வயது. காது கேட்கும், கூப்பிட்டால் வருவேன்.

ஒன்பதாவது ஆள், மாரிமுத்து மகன் ராமசாமி. இடது பக்கம், கீழே, ஓடை சத்தம் வரும் திசை. இன்னும் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.