வாழைப்பழ எசன்ஸ்

புட்டிங்குக்குக் கொஞ்சம் புளிப்பான பச்சை ஆப்பிள்தான் நல்லது. சிவப்பு ஆப்பிள் சூட்டில் குழைந்துவிடும். நாங்கள் இருந்த செம்பூரில் பச்சை எப்போதும் கிடைக்காது. ஆபீஸிலிருந்து வரும்போது மாட்டுங்காவில் இறங்கி வாங்கிக்கொண்டு பஸ் பிடிப்பேன்.

என் மனைவி ரஞ்சனாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. டயாலிசிஸில்தான் ஓடிக்கொண்டிருந்தாள். பழத்திலிருக்கும் பொட்டாசியம் சேர்ந்தால் இதயம் நின்றுவிடும் என்றார் டாக்டர். வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா தொடவே கூடாது. ஆப்பிள் மட்டும் கொஞ்சம். அதையும் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மிஞ்சிய சக்கையோடு ரொட்டித் துண்டும் சர்க்கரையும் சேர்த்து ஓவனில் வைப்பேன். பேக்கிங் அவளுக்குத்தான் வரும். நிற்க முடியாமல் போனபின் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாள், நான் செய்வேன்.

"ஏக்தம் ஃபீக்கா, வெங்கி. சப்புனு, ஆஸ்பத்திரித் தலகாணியைத் தின்னற மாதிரி இருக்கு."

"உறையோட வேணுமா, உறையில்லாமயா?"

சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மாமியார் பாகீரதிக்குச் சர்க்கரை வியாதி, அவரால் சிறுநீரகம் தர முடியாது. என்னுடையது பொருந்தியது. அன்றே கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டது.

"மூணாம் மாடி நாணு, தங்கைக்கு ஒரு பாட்டில் ரத்தம் குடுன்னதுக்கே பாலக்காட்டுக்கு ஓடினான். எங்காத்து மாப்பிள்ளையைப் பாருங்கோ," என்று மாமியார் லிஃப்ட் அருகில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காய்கறிப் பையோடு நின்று கேட்டேன்.

"பயமா இருக்கா?" என்று ரஞ்சனா கேட்டாள்.

"எனக்கென்ன பயம்?"

பயமாக இருந்தது. அதைவிட அதிகம் களைப்பு. ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரம், ஆப்பிள் வெந்த தண்ணீரை நான் கொட்டவில்லை. வற்றவைத்துப் பாகாக்கி மேலே ஊற்றினேன்.

"இன்னிக்குத்தான் புட்டிங் மாதிரி இருக்கு," என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். நோயாளிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுப்பதில் தவறென்ன என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, நன்றாகக் கனிந்த நேந்திரம்பழத்தை மசித்துச் சேர்த்தேன்.

"வாழைப்பழ வாசனை வரதே?"

"எசன்ஸ். ரெண்டு சொட்டு."

"எசன்ஸ்காரன் கெட்டிக்காரன்டா. அப்படியே நிஜப் பழம்."

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. அன்று மத்தியானம் பெரிய தட்டாகச் செய்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாயங்காலம் கைகால் துவள்கிறது என்றாள். ஆஸ்பத்திரி ஆட்டோவில் போகிற தூரம்தான். போர்வையை இழுத்துவிட்டு, தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த வியாதியில் இப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க கிட்னியை வாங்கிக்க அவளுக்குக் குடுத்து வைக்கலையே, மாப்பிள்ளை."

இதை நீங்கள் கதையாக எழுதினால், நிர்ப்பந்தத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மனமில்லை என்றால் சொல்லுங்கள், உங்கள் உடம்பு தகுதிப்படவில்லை என்று நாங்களே வீட்டில் சொல்லிவிடுகிறோம், உண்மைக் காரணம் யாருக்கும் தெரியாது என்றார்கள். முழுமனம்தான் என்றேன். அந்த அறையில் இருந்தவர்கள் என்னைக் கோழையென்று நினைப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

ரஞ்சனா என்னை நல்லவனென்று நம்பியபடியே போனாள். அந்த நிம்மதியையாவது என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது.