அடுப்பில் குறையில்லை

டிசம்பர் 11, வியாழக்கிழமை.

இன்றைய தவறு: இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை போட்டுவிட்டேன். தனக்குச் சர்க்கரை வியாதி என்று போன தடவை வந்தபோதே சொல்லியிருந்தார். மறந்துவிட்டேன். அவரோ கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சக்கரை போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க தம்பி.”

“ஐயையோ, மொத வாயிலயே சொல்லியிருக்கலாமுங்களே சார்.”

“குடுத்ததக் குடிக்காம வெச்சா மரியாதைங்களா? ராத்திரிக்கு ஒரு மாத்திரை சேத்திப் போட்டுக்கறனுங்க.”

நல்ல மனிதர். பெயர் சுந்தரராஜுலு. தாளவாடி மலையிலிருந்து கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறை வரைக்கும் இறங்கி வந்திருந்தார்.

மாலை நேர டிப்ளமோவில் எங்களுக்குப் பட்டறைப் பாடம் எடுக்கும் நாச்சியம்மாள் மேடத்துக்கு ஒரு விதி உண்டு. எல்லோரும் தினமும் டைரி எழுத வேண்டும். முதலில் அன்றைய தவறு, கடைசியில் நாளைய வேலை. “நடுவுல என்ன கருமத்த வேணா எழுதிக்கங்க, நான் படிக்கறதில்ல” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறாதவர். என் பக்கத்தில் உட்காரும் ஜாவித் ஒரு தடவை நடுவில் பிரியாணி செய்முறையை முழுசாக எழுதி வைத்தான். கீழே ‘நன்று’ என்று போட்டுக் கையெழுத்து விழுந்தது. ஆகவே நடுவில் எழுதுகிறேன்.

என் மச்சான் திருமூர்த்தி, கீதா அக்காவின் கணவர், போன மாதம் மலையில் இறந்துபோனார். அந்த வழக்கை முடிக்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். ‘அடுப்பின் கோளாறால் ஏற்பட்ட விபத்து’ என்று எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அக்கா படித்துப் பார்க்கவில்லை. நான் படித்தேன். அதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அதைச் செய்தவன் நான்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரோ தூக்கிப்போட்ட வெட் கிரைண்டரின் எவர்சில்வர் டிரம்தான் அதன் உடம்பு. கிணற்று மோட்டாரின் பழைய பைப்புதான் புகைபோக்கி. மொத்தமே ஒரு குடத்தின் உயரம். இரண்டு தென்னை மட்டைத் துண்டு, ஒரு பிடி தொட்டி (தேங்காய்ச் சிரட்டையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போட்டால் போதும், சின்ன அறை கதகதவென்று ஆகிவிடும். பட்டறையில் அதற்குச் சிட்டு என்று பெயர். நான் செய்தவற்றில் என்னைச் சந்தேகப்பட வைக்காத பொருள் அது ஒன்றுதான். மற்றபடி வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

பட்டறை மச்சானுடையது. பழைய கண்டெய்னர் பெட்டிகளை வாங்கி, சன்னல் வெட்டி, கட்டில் போட்டு, மலை விடுதிகளுக்கு அறைகளாக விற்போம். மலையில் குளிர். அதற்காகத்தான் சிட்டு.

மச்சானைப் பற்றித் தவறாக எழுத மாட்டேன். மரியாதை தெரிந்தவர். எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றினாலும் “அடிச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மச்சான் அந்த வகையில் முதல் தரம். “ஏனுங்க மாப்ள, உங்களுக்கு மண்டைக்குள்ள இருக்கறது மூளைங்களா, மாவுங்களா?” என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். நான் “மாவுதானுங்க மச்சான்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்காவைக் கட்டியவர். அவர் எது சொன்னாலும் நமக்கு ஒரே பதில்தான்: சரிங்க.

அளவு தவறி அவர் தகடு வெட்டுவார். “அருளு, என்னங்க இப்படி வெட்டிப்போட்டீங்க?” என்பார். சரிங்க. விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டு, நான் சொன்னதாகப் பார்ட்டியிடம் போனில் பேசுவார். சரிங்க. டைரியின் முதல் வரிக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. என் தவறு தீர்ந்துபோனால் அவருடையது இருக்கும், அதுவும் என் கணக்கில்தான் வரும். ஒரே ஒரு நாளாவது அந்த முதல் வரியில் அவர் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சின்ன ஆசைதான்.

கல்லூரியில் மாணவர்கள் செய்த பொருட்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். வகுப்புக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருந்ததால் மச்சான்தான் சிறப்பு விருந்தினர். சிட்டு முன்னால் நின்றார். மைக்கை வாங்கினார்.

“இது நம்ம ஐடியாங்க. ஒரு நாள் குளிச்சிட்டு இருக்கறப்ப டக்குன்னு தோணுச்சு. மாப்ள வெல்டிங் மட்டும் வெச்சாப்ல. அதுவும் ஒரு பக்கம் ஒழுகல்.”

ஒழுகல் இல்லை. தண்ணீர் ஊற்றிச் சோதித்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

“முதல்ல தட்டுனதே நீதான்டா, மானங்கெட்டவனே” என்று ஜாவித் பிற்பாடு சொன்னான். எனக்கு அது நினைவில்லை. ஆனால் ஜாவித் பொய் சொல்கிறவன் இல்லை.

அதற்கப்புறம் மச்சானுக்குப் புகைபோக்கி பிடிக்காமல் போய்விட்டது. கண்டெய்னரின் கூரைக்கு மேலே பைப் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறதாம். “கலசம் இல்லாத கோபுரமாட்ட இருக்குதுங்க மாப்ள. பித்தளையில ஒரு கலசம் செஞ்சு மூடியாட்டப் போடுங்க. போட்டோவுல எடுப்பா இருக்கும்.”

சரிங்க என்றேன். ஜாவித் கோட்டைமேட்டில் அவன் மாமாவின் பித்தளைப் பட்டறையில் வேலை செய்கிறான். அவனே வார்த்துக் கொடுத்தான். அழகான வேலை. பைப்பின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் அதைத் தூர நின்று பார்த்தான். (பிணத்தை அவன் வீட்டில் மையத்து என்பார்கள்.)

“டேய், மையத்துக்கு மூக்குல பஞ்சு வெச்ச மாதிரியே இருக்குதுடா. நெருப்பு எரியறப்ப எவனாவது இத மாட்டிறப் போறான்.”

“அணைஞ்ச பொறகு போட்டோவுக்கு மட்டுந்தான் போடோணும்னு மச்சான்கிட்டச் சொல்லியிருக்கறேன்” என்றேன்.

உண்மைதான், சொல்லியிருந்தேன். ஏனென்றும் விளக்கியிருந்தேன். புகை தெரியாவிட்டாலும் தணல் மூச்சு விடும், அது வெளியே போக வழி வேண்டும் என்று. “எனக்கே பாடமுங்களா?” என்றார்.

அன்றைக்கு மலையில் காலையிலிருந்தே தூறல். விடுதிக்காரர்கள் மதியத்துக்கு மேல் அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. டிரைவர் தீபக் அவர்களை அழைத்து வரத் திம்பத்துக்குப் போய்விட்டான். மச்சான் பள்ளிபாளையம் சிக்கனை ஒரு கை பார்த்துவிட்டு, மாதிரி அறைக்குள் கட்டிலில் சாய்ந்தார்.

“நான் செத்த நேரம் படுக்கறனுங்க. பார்ட்டி வரும்போது உள்ள கதகதன்னு இருக்கோணும். சன்னலச் சாத்திருங்க. அவங்க வந்து நெருப்ப அணைச்சதுக்கப்புறம் மேல கலசத்த வெச்சு ஒரு போட்டோ எடுத்துருங்க. அதுவரைக்கும் என்னை எழுப்பாதீங்க.”

சரிங்க என்றேன். சிட்டைப் பற்றவைத்தேன். சன்னலைச் சாத்தினேன். மட்டை எரிந்து தொட்டி தணலாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக, சத்தமில்லாமல், அவ்வளவு அழகாக எரிந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான் நடந்தது. இன்ஸ்பெக்டரிடமும் இதைத்தான் சொன்னேன்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அவ்வளவுதான் நடந்தது என்பது சரியல்ல.

வெளியே ஏணி இருந்தது. கலசம் என் பையில் இருந்தது. கூரை ஈரம். வழுக்கும் என்று பயமாக இருந்ததால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினேன். உயரத்தில் வேலை செய்யும்போது கயிறு கட்டாதவன் முட்டாள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். கலசத்தைப் பைப்பின் வாயில் வைத்தேன். ஒரு தடவை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கீழே இறங்கிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன்.

அணைத்த பிறகு வைக்கச் சொன்னார். நான் கொஞ்சம் முன்னாடியே வைத்துவிட்டேன். வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பது என் பழக்கம்.

இன்னொரு திருத்தம். என்னை எழுப்பாதீங்க என்று அவர் சொன்னது நிஜம். ஆனால் அவராகவே ஒரு தடவை விழித்துக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது.

“மாப்ள… தல கிண்ணுனு இருக்குதுங்க.”

“கோழி சாஸ்தி ஆயிப்போச்சுங்க மச்சான். படுங்க, செரியாப் போயிரும்.”

“அப்படீங்களா?”

“ஆமாங்க.”

கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அந்தச் சன்னலக் கொஞ்சம் தொறந்து உடுங்களேன்” என்றார்.

சன்னல் அவர் தலைமாட்டில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஆனால் பட்டறையில் எதிரே இருக்கிற தண்ணீர்ச் சொம்பைக்கூட இன்னொருவர் எடுத்துக் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

“சரிங்க மச்சான்” என்றேன்.

அவர் நம்பிப் படுத்துவிட்டார். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அக்கா கல்யாணத்திலிருந்து இன்றுவரை நான் சொல்லிவிட்டுச் செய்யாத ஒரே ‘சரிங்க’ அதுதான்.

சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து டைரியை எடுத்தேன். ‘இன்றைய தவறு: மச்சான் திருமூர்த்தி சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார்’ என்று எழுதினேன். எழுத்து கோணாமல் வந்தது. மேடம் அதற்கும் ‘நன்று’ போட்டிருக்கிறார்.

கீழே வளைவில் கார் சத்தம் கேட்டதும் மறுபடியும் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிக் கலசத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். விடுதிக்காரர்களும் தீபக்கும் வந்து சேர்ந்தபோது நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது தீபக்தான். அவன் கத்தியதைக் கேட்டு நானும் ஓடினேன். அழுகை வருமோ வராதோ என்று சந்தேகமாக இருந்தது. வந்தது. நிறையவே வந்தது.

அக்கா அழுததைப் பற்றி எழுத வேண்டாம். அவள் சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். “அந்த எழவெடுத்த அடுப்பத் தூக்கி ஆத்துல வீசிப்போட்டு வாடா.” பெற்ற பிள்ளையைச் சொன்னது போல எனக்கு வலித்தது. விடுதிக்காரர்கள் அடுப்பில்லாமல் அறை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர், “அந்தக் கொலகார அடுப்பச் செஞ்சது நீங்கதானுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

மூடியை எடுத்து மறைத்ததில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று நான் யோசிக்கவில்லை. மூடி இருந்தது தெரியாததால் பழி முழுவதும் சிட்டு மேல் விழுந்துவிட்டது. வெல்டிங் வைத்த இடத்தில் ஒழுகல் என்று மச்சான் மைக்கில் சொன்னதைக்கூட யாரோ போலீஸில் சொல்லியிருக்கிறார்கள். செத்த பிறகும் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். வெல்டிங்கில் ஒழுகல் இல்லை. டிரம்மில் விரிசல் இல்லை. சிட்டு செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. மச்சானைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன்.

இதை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மாலை டிப்ளமோ படிக்கிற பையன், மச்சான் செத்த துக்கத்தில் உளறுகிறான் என்பார்கள். எதையும் செய்து காட்ட வேண்டும் என்பது மேடத்தின் இன்னொரு விதி. சாயங்காலம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, அடுப்பில் குறையில்லை என்று நேரிலேயே நிரூபித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“வாங்க தம்பி, பாத்துருவோம். அடுப்பு ஸ்டேசன்ல எம்பட ரூமுலதான் கெடக்குது. இங்க வேற குளிரு கொல்லுதுங்க” என்றார்.

அவர் அறை சின்னது. சன்னல் ஒன்றுதான், மழைக்கு எப்போதும் சாத்தியே இருக்கிறது. வாக்குமூலம் கொடுக்கப் போனபோது பார்த்துவைத்தேன். பைப்பை அதன் வழியாக வெளியே விடலாம். மூடி இல்லாமல் ஒரு தடவை, மூடி போட்டு ஒரு தடவை, இரண்டு முறையும் அவர் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். கொஞ்சம் தலை வலித்தாலும் எழுந்து போய்விட மாட்டார். குடுத்ததைக் குடிக்கிற மனிதர்.

நாளைய வேலை: தாளவாடிக்கு முதல் பஸ். தொட்டி ஒரு பை, கலசம், சர்க்கரை போடாத காபி ஒரு பிளாஸ்க்.