பூதத்தின் சாப்பாட்டுத் தட்டு

– சத்தியமாச் சொல்றேன் அம்மாடி, இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் மீசை உதிரட்டும். நம்ம பூதம் ஒரே ஒரு தடவ குரைச்சதுக்குத் தபால்காரர் சைக்கிள் தானாத் திரும்பி ஆபீசுக்கே போயிடுச்சு.

– தபால்காரர்?

– பின்னாடியே ஓடினார். அவரு சைக்கிளாச்சே.

– வாட்ச்மேன் தாத்தா, நான் கதை கேக்க வரல. விடுதியில ஒரு சிக்கல்.

– இப்ப நீ விடுதியையே நடத்தற பெரியம்மா, சிக்கல் வரத்தான் செய்யும். பதினஞ்சு வயசுல போலீஸ் ஜீப்புல வந்து இறங்கினப்ப எப்படி இருந்த? தலை குருவிக்கூடு மாதிரி. அதான் உனக்குக் குருவின்னு பேரு வெச்சேன்.

– ஒன்பது பேரு ஒரே ரூம்ல படுப்போம். விளக்க அணைக்கவே விடமாட்டோம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சு. அதுவரைக்கும் என்ன வெச்சிருந்த இடத்துலெல்லாம் தாழ்ப்பாள் வெளியிலதான்.

– அத மாட்டினது நான்தான். பூதம் ஆணி எடுத்துக் குடுத்துச்சு.

– நாயா?

– வாயால. முனை மழுங்கினத மட்டும் ஒதுக்கி வெச்சிட்டு.

– புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா தாத்தா. எட்டு நாளாத் தூங்கல. அவள வித்தவன் தேடி வந்துடுவான்னு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கா. அவன் வர்றதுக்குள்ள நானே அவன்கிட்டத் திரும்பிப் போயிடறேன், அடியாவது குறையும்னு பையக் கட்டி வெச்சிட்டா. நாளைக்குக் காலையில கிளம்பறாளாம்.

– கவுன்சிலிங் அம்மா பேசலையா?

– பேசினாங்க. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா, வாசல்ல யாரு இருக்கான்னு. கேமரா இருக்குன்னோம். கேமரா ஓடி வருமான்னு கேக்கறா.

– கெட்டிக்காரி. உன்னத் தேடியும் ஒருத்தன் வந்தானே, சித்தப்பன்னு சொல்லிக்கிட்டு? பூதம் வாசல் கொட்டகைக்குள்ள இருந்தே ஒரு குரல் குடுத்துச்சு. செருப்ப விட்டுட்டு ஓடினான். மூணு வருஷம் அத நான்தான் போட்டுக்கிட்டேன். அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு.

– நான் கட்டிலுக்கடியில இருந்தேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே விட்டேன்.

– கன்னுக்குட்டி உசரம். வெளிய விட்டா ஊரையே கடிச்சிரும்னுதான் உங்க கண்ணுல காட்டல. சாயங்காலம் ஒரு தட்டுச் சோறு, அவ்வளவுதான். உங்க சமையல்ல உப்பே இருக்காது. பாவம், அதுக்கு நாக்கே செத்துப் போச்சு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல.

– அதக் கூட்டிட்டு வாங்க தாத்தா. இன்னிக்கு ஒரு நாளைக்கு.

– நான் வேலைய விட்ட அன்னிக்கே செத்துப் போச்சும்மா. தோட்டத்துலதான் புதைச்சேன். அந்த இடத்துல முளைச்ச செடி இன்னிக்கும் ஆளப் பாத்தா உறுமுது.

– தொண்டை எப்படி இருக்கு?

– செடிக்கா?

– உங்களுக்கு.

– ...எப்பலேர்ந்து தெரியும்?

– வந்த ரெண்டாவது வாரமே. நீங்க லீவு போட்டா பூதமும் லீவு. உங்களுக்குச் சளி பிடிச்சா அதுவும் இருமிட்டுத்தான் குரைக்கும்.

– தெரிஞ்சுமா தூங்கினீங்க?

– தெரிஞ்சதனாலதான் தூங்கினோம். எங்களுக்காக ஒரு ஆம்பள வாசல்ல நின்னு குரைச்சத அதுக்கு முன்னாடி நாங்க பாத்ததில்ல.

– அந்தப் பொண்ணும் கண்டுபிடிச்சிட்டா என்ன பண்றது?

– கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்.

– சரி, இரு, சட்டைய மாட்டிக்கிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. நாயே இல்லன்னு தெரிஞ்சும் ஏன் தெனம் ஒரு தட்டு வெச்சீங்க, அதுவும் உப்பில்லாம?

– உங்களுக்கு ரத்தக்கொதிப்புன்னு நர்சம்மா சொன்னாங்க. முறை போட்டு, அந்த ஒரு தட்ட மட்டும் தனியாச் சமைச்சோம் தாத்தா.