மூன்றடி மேடு

மண்வேலைக்கு ஆள் பிடிப்பது ஏறக்குறைய மாப்பிள்ளை பார்ப்பது மாதிரிதான், வேம்பு. வாய் நிறையப் பேசுகிறவனை நம்பக் கூடாது. வந்ததும் எதைப் பார்க்கிறான் என்று கவனிக்க வேண்டும். நீ வீடு கட்டப் போகிறாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன திங்கட்கிழமை நீ முக்காலியில் லெவல் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் மனையையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாலை போடுகிற இன்ஜினியர் அல்லவா, பார்வை சரியாக விழவேண்டிய இடத்தில்தான் விழுந்தது. பிறகு வேலியோரம் வந்து, "சார், அப்ப உங்க மனைக்கு மண்ணு அடிச்ச கான்ட்ராக்டர் யாரு? இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாய். சின்ன வயதில் அய்யா என்பாய், இப்போது சார். வளர்ச்சிதான். நானும் உன்னை நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன். முதல் தாளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. எழுபத்தெட்டு வயதுக் கை, வணங்க மாட்டேன் என்கிறது.

ஏன் கேட்கிறாய் என்று தெரியும். உன் அப்பா வீரையன் சுவர் இடிந்து செத்ததற்கு, கான்ட்ராக்டர் துரைராசு போட்ட குழாய் மண்ணுக்கடியில் உடைந்து அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று பதினைந்து வருடமாக ஊர் பேசுகிறது. அவன் மேல் நீ கேஸ் போடப் போவதாக உன் அம்மா பொன்னுத்தாய் கடைத்தெருவில் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். ஆளை மாற்றிப் பிடித்துவிடாதே.

அந்த வருடம் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டத் தீர்மானித்தேன். அதற்கு மனையை மூன்றடி உயர்த்த வேண்டும். மன்னார்குடியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுப் பார்த்து, "முடிச்சிரலாம் சார்" என்றார். எதை முடிப்பார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாமவர் என் மைத்துனருக்கு வேண்டியவர். எந்த ஆட்சியில் எந்தக் கட்சிக்காரர் எந்த ஏரியில் மண் அள்ளினார் என்ற சரித்திரத்தை ஒரு மணி நேரம் சொன்னார். என் மண்ணைக் குனிந்து தொடவில்லை. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்தவன் துரைராசு. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மனையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். உங்கள் பக்கம் வந்ததும் நின்றுவிட்டான்.

"இங்க விழுற தண்ணி இப்ப எங்கங்க போவுது?" என்று கேட்டான்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உன் மனைக்கு வருகிறவன் இதைக் கேட்கவில்லை என்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடு. எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அந்த விவரம் எனக்கும் சரியாகத் தெரிய வேண்டியிருந்தது.

கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இந்த முனையை அவனும் அந்த முனையை நானும் பிடித்து மட்டம் பார்த்தோம். உங்கள் பத்து சென்டில் விழுகிற மழை முழுவதும் என் மனை வழியாகத்தான் பின்னால் இருக்கும் வடிகாலுக்குப் போகிறது என்று தெரிந்தது. வேறு வழி அதற்கு இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால் கரை, ஒரு பக்கம் கோயில் மதில். முன்னால் ரோடு. ஆட்சி மாற மாற ஒரு புதுத் தார் விழுந்து, அது உங்கள் வாசலை விட இடுப்பளவு உயர்ந்திருந்தது.

"மண்ணை ஏத்திட்டா வீரையன் வூடு கிண்ணத்துக்குள்ள வச்ச மாதிரி ஆயிடுங்க. அடியில ஒரு சிமெண்டு கொழா போட்டுடுவோம்," என்றான் துரைராசு.

"போடுப்பா," என்றேன். நல்ல காரியத்துக்கு நான் குறுக்கே நிற்பதில்லை.

மூன்றடி எதற்கு என்று நீ கேட்கலாம். எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. எங்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள் குடிசை போட்டிருந்த இடம் அவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தது. என் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டார். நான் அப்படியில்லை, படித்தவன், காலம் மாறும் என்று தெரிந்தவன். உன் தாத்தா பட்டா வாங்கி வந்தபோது முதலில் கைகொடுத்தது நான்தான். அந்தக் கையை அவர் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் என் வாசலில் நின்றால் முதலில் தெரிவது உங்கள் கொடியில் காயும் கைலிகள். அதற்காகத்தான் அந்த இடத்தைக் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதைப் போல இரண்டு மடங்கு மனை தருகிறேன் என்றேன். நான்கு தடவை கேட்டேன். நான்காவது தடவை உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடுதான் சொன்னான்:

"எவ்ளோ பெருசா குடுத்தாலும் வேணாங்கய்யா. எங்க அப்பாரு உங்க வூட்டு ஆளுககிட்ட குனிஞ்சேதான் பேசுனாரு. இந்த எடத்துல நின்னாத்தான் நான் உங்களை நேருக்கு நேரு பாத்துப் பேசுறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான், ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் எழுந்து, மனையை எத்தனை அடி தூக்கினால் அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். இரண்டடி போதும் என்று தோன்றியது. உன் அப்பா கொஞ்சம் நெட்டை என்பதால் இன்னும் ஓர் அடி சேர்த்தேன்.

ஜேசிபி நான்கு நாள் ஓடியது. துரைராசு அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து, அழுத்தி, மறுபடி மண் போட்டான். அவன் வேலையில் சொட்டை சொல்ல எவனாலும் முடியாது. குழாய் புதைத்த அன்று நீயும் உன் அப்பாவும் உங்கள் பக்கம் இருந்த குழாய் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். அது எழுபதடி ஓடி அந்தப் பக்கம் வடிகாலில் விழுந்ததும் நீ கை தட்டினாய். அப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ படித்தாய். குழாய் உடைந்திருக்கும் என்று ஊர் சொன்னபோது நீயாவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

துரைராசு வண்டியை ஏற்றிக்கொண்டு போன பத்தாம் நாள் காலை, வடிகால் வற்றிக் கிடந்தது. உடைந்த செங்கல், ஒரு சட்டி சிமெண்டு, இரண்டு சட்டி மணல் எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். வடிகால் பக்கத்துக் குழாய் வாயிலேயே அடைத்தால் பார்வைக்கு அசிங்கமாக இருக்கும் என்று, கை எட்டுகிற தூரத்துக்கு உள்ளே தள்ளிப் பூசினேன். கொத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பதினைந்து வருடமாக ஒரு சொட்டுக் கசியவில்லை.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தண்ணீர் தேங்கும், மண்சுவரில் ஓதம் ஏறும், உன் அம்மா முணுமுணுப்பாள், இரண்டு மழையில் நீங்களே கிளம்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். பஸ் நிற்கிற இடத்து மனையை அப்போதும் உங்களுக்காக விற்காமல்தான் வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை அந்த வருடம் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். உன் அப்பா போகவில்லை. தொடையளவு தண்ணீரில் நின்று, நீள மூங்கில் ஒன்றைக் குழாய் வாய்க்குள் விட்டுக் குத்திக்கொண்டிருந்தான். நான் மேட்டு ஓரத்துக்கு வந்தேன்.

"சருகு அடைச்சிருக்கும்போலங்கய்யா," என்றான். அண்ணாந்துதான் சொன்னான். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"இன்னும் கொஞ்சம் உள்ள விட்டுக் குத்துப்பா," என்றேன். குத்தினான். மூங்கில் இருபதடி இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "மேட்டுல ஒரு மம்புட்டி அகலம் வெட்டி வுட்டா போதுங்கய்யா. மழை வுட்டதும் நானே அடைச்சுக் குடுத்துடுறேன்," என்றான். துரைராசைக் கேட்காமல் வெட்டினால் மண் சரிந்துவிடும், அவன் வரட்டும் என்றேன். துரைராசுக்கு நான் ஆள் அனுப்பவில்லை.

உச்சிப்பொழுதில் உங்கள் வீட்டுச் சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. கீழே முதுகைக் காட்டி நின்றவனுக்கு அது தெரியவில்லை. மூன்றடி மேட்டில் நின்றவனுக்கு நன்றாகத் தெரிந்தது. பூச்சு பெயர்ந்து தண்ணீரில் விழுவதைப் பார்த்தேன். பிறகு, "தண்ணியில நின்னது போதும் வீரையா, உள்ள போயி ஈரத்தைத் துவட்டிட்டு வா," என்றேன்.

போனான். அந்த இடத்தைக் கேட்ட நான்கு தடவையைத் தவிர உன் அப்பா என் சொல்லைத் தட்டியதே இல்லை.

சுவர் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஊறிய மண் அப்படித்தான் விழும்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், குழாய் போட்டது துரைராசு என்று சொன்னேன். அது பொய்யில்லை. அதற்கப்புறம் அவனை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு தடவை என்னிடம் வந்து, "தோண்டிப் பாத்துடுவோங்க, என் கொழா ஒடைஞ்சிருக்காது," என்று கெஞ்சினான். மேலே வீடு எழும்பிவிட்டது, இப்போது போய்த் தோண்டலாமா என்றேன். வண்டியை விற்றுவிட்டு இப்போது முத்துப்பேட்டையில் யாரிடமோ டிரைவராக இருக்கிறான். அவனைத் தேடிப் பிடித்து உன் வேலையைக் கொடு. அவனை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்.

நீ கடைக்கால் தோண்டினால் குழாய் எப்படியும் வெளிவந்துவிடும் என்று பயந்து எழுதுவதாக நினைக்காதே. எப்போதோ எழுதியிருக்க வேண்டியது. நீ தோண்டப் போகிற சேதி போன வாரம்தான் வந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடு. குழாயை அடைத்தவன் நான், சுவரைப் பார்த்தவன் நான், அவனை உள்ளே போகச் சொன்னவனும் நான். ஆனால் எழுதும்போது முழுவதையும் எழுத வேண்டும். உன் அப்பா குத்திக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் மேட்டிலிருந்து கையை நீட்டி அவன் தலைக்குக் குடை பிடித்தது நான்தான். என் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து நாள் இருமிக்கொண்டு கிடந்தேன். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.