பெரியவரை நிறுத்தக் கூடாது

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்துவிட்டது. சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறதே, அதுதான். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளும். சத்தம் போடுகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதை வரிசையாகவே சொல்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்குக் கோவையாக வராது.

நான் வேலை பார்த்த இடம் உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. முன்பக்கம் ஆறு மேசைகள், ஆறு திரைகள், ஹெட்செட் மாட்டிய ஆறு பேர். பின்பக்கம் கண்ணாடிக் கதவு. அதற்குள் நானும் இரண்டு பழைய சர்வர்களும். யாராவது வீட்டிலோ கடையிலோ இருக்கும் தொலைபேசியிலிருந்து அவசரத்துக்கு அழைத்தால், அந்த எண்ணை வைத்து முகவரியைக் கண்டுபிடித்துத் திரையில் காட்டுவது பெரிய சர்வரின் வேலை. அவரைப் பெரியவர் என்போம். பக்கத்தில் நின்றவர் சின்னவர். பெரியவர் படுத்தால் சின்னவர் எழுந்து பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு.

நான் அங்கே சேர்ந்ததிலிருந்து பெரியவர் ஒருமுறைகூட நின்றதில்லை. நான் தொட்டதையெல்லாம் பாதியில் விட்டவன்: கல்லூரி, நீச்சல், ஒரு கல்யாணப் பேச்சு. ராத்திரி ஷிஃப்டைக் கேட்டு வாங்கியதே மனுஷ முகங்களைக் குறைத்துக்கொள்ளத்தான். அப்படிப்பட்டவன் முன்னால் ஒருவர் நிற்காமல் ஓடினால் மரியாதை வரத்தான் செய்யும்.

அவ்வளவு வயசான ஆளுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்காது. பெரியவருக்கு பவர் சப்ளை போனபோது சின்னவருடையதை எடுத்து மாட்டினேன். மெமரி போனபோது அதையும் எடுத்தேன். பிறகு விசிறிகள், பிறகு அட்டைகள், எல்லாம் பெரியவர் ஓட ஓடவே. கடைசியில் சின்னவருக்குள் மிஞ்சியது தூசியும் நான் மறந்து வைத்த ஒரு ஸ்க்ரூடிரைவரும்தான். முகப்பில் பச்சை விளக்கு எரியாவிட்டால் கேள்வி வரும் என்பதால், ஒரு செல்போன் சார்ஜரிலிருந்து ஒயர் இழுத்து விளக்கை மட்டும் எரிய வைத்தேன். யாராவது பார்வையிட வந்தால் எங்கள் மேலாளர் சின்னவரின் தோளில் தட்டி, "இது படுத்தா அது எழுந்துக்கும். உயிர் விஷயமாச்சே" என்பார். தட்டும்போது காலித் தகர டப்பாவின் சத்தம் வரும். அவருக்கு ஒருநாளும் அது காதில் விழுந்ததில்லை.

மேலாளர் கழிவறைக்குக்கூட டேப்லட்டோடு போவார். அதனால் அவருக்கு மாத்திரை என்று பேர். வைத்தது நானில்லை, டீச்சர். முதல் மேசையில் உட்காருகிறவர், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். அழைக்கிறவர் பதறினால் வகுப்பை அடக்குகிற குரலில் ஓர் அதட்டல் போடுவார். எதிர்முனை அழுகையை விழுங்கிக்கொண்டு தெருப் பெயரைச் சொல்லும்.

ஊர் பெருத்துப் பெருத்து, பெரியவரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதுக் குடியிருப்புகளின் முகவரியை ஏற்ற இடமில்லை. மாத்திரை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"எவ்வளவு நாளைக்குத்தான் இந்தப் பிணத்துக்குத் தலை வாரி விடுவீங்க?"

"பிணம் இல்ல சார். டிஸ்க்தான் ரொம்பிடுச்சு. பெருசா மாத்திட்டா இன்னும் பல வருஷம் ஓடும்."

"நிறுத்தணுமா?"

"வேண்டாம் சார். ஓட ஓடவே மாத்தலாம்."

"சரி, மாத்திக் காட்டுங்க. நடுவுல ஒரு தடவை நின்னுச்சுன்னா அடுத்த நாளே பழைய இரும்புக் கடை. வேணும்னா நீங்களும் அதே வண்டியில ஏறிக்கலாம்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறவன் சிரிக்க வேண்டும்.

வேலை இதுதான். பெரியவருக்குள் இரண்டு டிஸ்க் உண்டு. இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய புது டிஸ்க்கைச் செருகினால், மிஞ்சிய கிழட்டு டிஸ்க்கிலிருந்து எல்லாம் புதியதற்குப் பிரதியாகும். முடிந்த பிறகு கிழட்டையும் மாற்றிவிடலாம். பிரதி ஓடுகிற நேரம்தான் கண்டம். அப்போது அந்தக் கிழடு ஒற்றை ஆள். அது விழுந்தால் பெரியவர் நின்றார்.

கொள்ளளவு பெரிதென்றாலும் புது டிஸ்க் உருவத்தில் குட்டி, பெரியவரின் குழியோ அகலம். இரண்டுக்கும் நடுவே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நான் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியறையில். அங்கே உட்கார்ந்து தகட்டை அராவிக்கொண்டிருந்தபோது, கொடியில் துணி எடுக்க வந்த மாமா நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன மாப்ள, யாருக்கு வளையல் செய்யற?"

"டிஸ்க்குக்குச் சட்டம் மாமா."

"அதுக்குப் பண்ற சேவகத்துல கால்வாசி உங்க அக்காவுக்குப் பண்ணு. குழாய் ஒழுகுதுன்னு எத்தனை நாளா கத்தறா."

"குழாய் ஒழுகினா யாரும் சாக மாட்டாங்க மாமா."

"அடேயப்பா. இவரு இல்லன்னா ஊரே செத்துடும்" என்று சொல்லிவிட்டுத் துணியோடு இறங்கிப் போனார்.

மாமா நல்லவர். விவரம்தான் போதாது.

என் ராத்திரி ஷிஃப்டை விட்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம், அழைப்பு குறைவு. கண்ணாடிக் கதவை உள்ளே தாழிட்டேன். ஒரு டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் துணி விரித்து வைத்தேன். சூடாக இருந்தது, இப்போதுதான் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி. சட்டத்தோடு புதியதைச் செருகினேன். முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. பிரதி ஓடத் தொடங்கியது.

பாதி தாண்டியதும் கிழட்டு டிஸ்க் 'டக்' என்றது. எங்கள் தொழிலில் அந்தச் சத்தம் டிஸ்க் சாகப் போவதற்கு அறிகுறி. கவனித்துப் பார்த்தேன். வெளியே ஏதாவது ஒரு திரை முகவரி கேட்கும்போதெல்லாம், டிஸ்க்கைப் படித்துப் பிரதி கொடுத்துக்கொண்டிருந்த முள் எழுந்து ஓடி, தேடி, திரும்பி வந்தது. வரும்போது 'டக்'. மூச்சிரைக்கப் படியேறுகிற கிழவரை நிறுத்தி, ஆறு பேர் மாறி மாறி வழி கேட்டால் எப்படி இருக்கும்? பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. வெளியே போகிற நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

ஆறு திரைகளும் உறைந்தன. உள்ளே 'டக்' நின்றது. அந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெளியே பெரிய குழப்பம் ஒன்றுமில்லை. எல்லோரும் முகவரியை வாயால் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மனுஷருக்கு வாய் எதற்கு இருக்கிறது? ஒரே ஒரு லைன்தான் தகராறு. அது டீச்சருக்கு வந்து சேர்ந்தது.

ஹெட்செட் ஒயரை இழுத்துக்கொண்டே கதவுவரை வந்தார்.

"தம்பி, ஸ்கிரீன் வரல. என் லைன்ல ஒருத்தர் இருக்கார். பேச முடியல அவரால. மூச்சு மட்டும் கேக்குது."

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பாதிக்கு மேல ஆயிடுச்சு."

"அப்போ சின்னவருக்கு மாத்தி விடுங்க."

நான் சின்னவரின் பச்சை விளக்கைப் பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

"அவருக்கு உடம்பு சரியில்ல டீச்சர்."

உள்ளங்கையால் கதவை அறையத் தொடங்கினார். எனக்குக் கோபம் வரவில்லை. விளக்கிச் சொன்னேன். "தட்டாதீங்க. அதிர்ச்சி டிஸ்க்குக்கு ஆகாது. அது போயிட்டா உங்களுக்கு அந்த முகவரி வரவே வராது." சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கண்ணாடியில் வாயை வைத்து மெதுவாகத்தான் பேசினார். சொன்னால் புரிந்துகொள்கிறவர்.

பக்கத்து மேசைப் பையன் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை. அழைப்பு தங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு இசை போட்டார்கள். நல்ல இசை என்று ஸ்பீக்கரில் கேட்டபோது தோன்றியது.

அப்போது டீச்சர் ஒரு காரியம் செய்தார். ஒயர் எட்டும் தூரம்தான் என்பதால் என் கதவோரமே நின்றுகொண்டு செய்தார். அதனால் எல்லாம் கேட்டது.

"அய்யா, நான் பேசறது கேக்குதா? கேட்டா போன்ல ஒரு தட்டு தட்டுங்க. ஆ, நல்லது. ஆமான்னா ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு. ரயில் பாதைக்கு வடக்கா இருக்கீங்க? ரெண்டு தட்டு. சரி, தெற்கு. மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கமா? ஒரு தட்டு. சமத்து. போன வச்சிடாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்."

ஊரைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மறுபடி வெட்டி, தேடிக்கொண்டே போனார். பெரியவருக்குள் நடப்பதும் இதேதான். வேகம்தான் வித்தியாசம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார் என்று சொல்லவில்லை.

மார்க்கெட் பின்புறத் தெருக்களில் ஒரு வண்டியைச் சைரனோடு சுற்றவிடச் சொன்னார். "சைரன் காதுல விழுந்தா தட்டுங்க அய்யா." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டீச்சரின் முகம் மலர்ந்தது. "தட்டறார்! தட்டறார்! வண்டிய நிறுத்தச் சொல்லு!" என்று பையனிடம் கத்தினார். டிரைவருக்குச் செய்தி போவதற்குள் வண்டி இரண்டு திருப்பம் தாண்டிவிட்டது. திரும்பி வந்து எந்தச் சந்து என்று தெரியாமல் நின்றது. இரண்டு பக்கமும் கடைகள், எல்லாம் சாத்தியிருந்தன, மேலே வரிசையாக ஜன்னல்கள். "இப்போ கேக்குதா அய்யா? சத்தம் பெருசா, சின்னதா? அய்யா?"

தட்டல் குழம்பத் தொடங்கியிருக்க வேண்டும். ஒன்றா இரண்டா என்று டீச்சர் மறுபடி மறுபடி கேட்டார்.

அப்போதுதான் தன் மேசைத் தொலைபேசியில் தெரிந்த எண்ணை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

"கேபிள் வேண்டாம் தம்பி. உங்க மடியிலதான் கீபோர்டு இருக்கே. இந்த ஒரு நம்பரை மட்டும் அடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் தட்டக்கூட இல்ல பாருங்க."

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை. கீபோர்டு என் மடியில்தான் இருந்தது. அந்த எண்ணை நான் படித்தேன், படித்த உடனே மனப்பாடமும் ஆகிவிட்டது. ஒரு தேடலுக்கு மூன்று நொடி. ஒரு தேடலில் கிழட்டு டிஸ்க் செத்திருக்குமா என்றால், அநேகமாகச் செத்திருக்காது. அநேகமாக என்ற சொல்லை நம்பிக் காரியத்தில் இறங்குகிறவன் நான் இல்லை.

கழற்றி வைத்த டிஸ்க் மேசைமேல் இருந்ததே, அதில் எல்லா முகவரியும் இருந்ததே, கிழடு செத்தால்தான் என்ன என்று நேற்று உங்கள் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவரை நிறுத்திவிட்டு, அதைச் செருகி, மறுபடி எழுப்பியிருக்கலாம். நிறுத்திவிட்டு. அந்தச் சொல்லை நீங்கள் யாருமே கவனிப்பதில்லை. தவிர, ஆறிப்போன பழைய டிஸ்க் மறுபடி சுற்றாது என்பது என் அனுபவம். உங்கள் ஆள் செருகியதும் சுற்றியதாமே. அது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒரு மனுஷனைச் சாக விட்டேன் என்கிறீர்கள். ஆம், விட்டேன். தெரிந்தேதான். பெரியவருக்காகச் செய்தேன். எனக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள், அது உண்மையாகாது. எனக்கு அதில் என்ன கிடைத்தது?

பிரதி முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. கேபிளைச் செருகித் தாழைத் திறந்தேன். டீச்சர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் மேசைக்கு ஓடி அந்த எண்ணை அடித்தார். முன்பெல்லாம் மூன்று நொடி. இப்போது என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது: தெரு, கதவு எண், தையல் கடை, மாடி. வண்டி அந்தக் கடைக்கு நேர் கீழேதான் நின்றிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு கிடந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, டீச்சர் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு "அய்யா, அய்யா" என்று கூப்பிட்டதும், பிறகு அதைக் கழற்றி மேசைமேல் வைத்ததும்தான்.

நான் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். ஓட ஓட மாற்றியிருந்தேன், பெரியவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை, முகவரி அத்தனை வேகமாக வந்தது, ஆறு பேரும் பார்த்தார்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று ரொம்ப நேரம் நின்றேன்.