துணி அறையில் பத்து நிமிடம்

எனக்குத் தாமதம் பிடிக்காது. பேருந்துக்குக்கூட அரைமணி நேரம் முன்பே போய் நிற்பேன். "டிரைவரை எழுப்பி விடறதே நீதானடி" என்று என் அக்கா கேலி செய்வாள்.

நான் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டின் தலைமைச் செவிலி. பொறுப்பேற்ற புதிதில், ஒரு நோயாளிக்கு மூச்சு நின்று மணி அடித்தால் எல்லோரும் வந்து சேர நான்கு நிமிடம் ஆகும். அப்படித்தான் ஓர் இளம் தாயை இழந்தோம். அன்று வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

மறுநாளே ஒரு கூட்டத்தைத் தொடங்கினேன். ஒவ்வோர் அவசரத்துக்குப் பிறகும் துணி அடுக்கும் அறையில் பத்து நிமிடம் உட்காருவோம். மணி அடித்தபோது எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. பேசியது வெளியே போகக் கூடாது. டாக்டரானாலும் மருந்து வண்டி தள்ளுகிறவரானாலும் ஒரே மாதிரி நாற்காலி. வண்டிக்காரரை 'மின்னல்' என்று கூப்பிடுவோம். நடை அவ்வளவு மெதுவு.

மூன்றே மாதத்தில் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டோம். பிறகு கொஞ்ச காலம் அவசரமே வரவில்லை. ஆட்கள் மெத்தனமானார்கள். பொம்மையைப் படுக்க வைத்துப் பயிற்சி கொடுத்தால், டாக்டர் அதனிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நிஜமாக நடந்தால்தான் இவர்களுக்குக் கால் எழும்பும் என்று புரிந்தது.

ஆகவே நடக்க வைத்தேன். தேறி வருகிறவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆக்சிஜனை மூடிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். உதடு நீலமானதும் திறந்துவிட்டு மணி அடிப்பேன். பதினோரு முறை. பத்துப் பேர் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். சிலர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

பதினோராவது, ஏழாம் படுக்கைத் தையல்காரர். மகள் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். காலையில்தான் என் சட்டையைப் பார்த்து, "கையில தையல் பிரிஞ்சிருக்கு சிஸ்டர். ஒரு ஊசி குடுங்க, தெச்சுத் தர்றேன்" என்றார். நான் மூடுவதை அவர் பார்த்துவிட்டார். அந்தக் கையையே இறுக்கிப் பிடித்தார். மிச்சத் தையலும் பிரிந்தது. அன்று இரவே அதைத் தைத்துவிட்டேன்.

மணி அடித்தும் மருந்து வண்டி வரவில்லை. வந்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

துணி அறையில் டாக்டர் தலையைக் கவிழ்த்தபடி பேசினார். அடுத்து மின்னல். "லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு சிஸ்டர். மருந்துப் பெட்டியை மட்டும் தூக்கிக்கிட்டுப் படியேறி வந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில், "நீங்க எங்க இருந்தீங்க சிஸ்டர்? உங்களை மட்டும் யாருமே கேக்கறதில்லை" என்றார்.

விதி எனக்கும்தானே.

"ஏழாம் படுக்கை பக்கத்துல. ஆக்சிஜனை மூடிட்டு நின்னேன்."

எல்லோருக்கும் நன்றி சொல்லி, பத்தாவது நிமிடத்தில் கூட்டத்தை முடித்தேன்.

லிஃப்டைப் பழுது பார்க்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு விளங்காதது ஒன்றுதான், இன்ஸ்பெக்டர். அந்த அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. அதை உங்களிடம் வந்து சொன்னவரை நீங்கள் ஏன் இன்னும் விசாரிக்கவில்லை?